ஒரு வேரும் ஒரு வைத்தியரும்

என் சாச்சியின் நோய்க்கு எங்கள் குடும்பத்தில் நீண்ட காலம் பெயர் இருக்கவில்லை. கண்ணேறு என்றார்கள் சிலர். ஜின் என்றார்கள் சிலர். படிப்பு கூடிப்போனதால் வந்தது என்றும் ஒரு பேச்சு இருந்தது. நோய் என்று மட்டும் எவரும் சொல்லவில்லை. வீட்டுக்கு விருந்தாளிகள் வந்தால் சாச்சியைப் பின்னறையில் இருக்கச் சொல்லிக் கதவைச் சாத்திவிடுவார்களாம். இவையெல்லாம் உம்மம்மா சொல்லி நான் அறிந்தவை. கிண்ணியாப் பாலம் 2009 ஆம் ஆண்டில்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன் ஒரு நாள், இரவெல்லாம் உறங்காமல் கத்திக்கொண்டிருந்த சாச்சியை அதிகாலையில் பாதையில் ஏற்றித் திருகோணமலைக்குக் கொண்டுவந்தார்களாம். பாதையில் நின்ற சனம் முழுக்கத் தன் மகளையே பார்த்துக்கொண்டிருந்ததை உம்மம்மா இன்றும் மறக்கவில்லை. கரை வந்து சேரும்வரை தன் முந்தானையால் சாச்சியின் முகத்தை மூடிக்கொண்டே நின்றதாகச் சொல்வார்.

அன்று வைத்தியசாலையில் கொடுத்த குளிசைகள் சாச்சியை உறங்க வைத்தன. சில மாதங்களில் அவர் சமைத்தார், தைத்தார், சிரித்தார். சுகமாகிவிட்டது என்று நினைத்து வீட்டார் குளிசையை நிறுத்தினார்கள். நோய் திரும்பி வந்தது. மறுபடியும் குளிசை, மறுபடியும் நிறுத்தம். இப்படியே பல வருடங்கள் கழிந்தன.

உயர்தரத்தில் உயிரியல் படிக்கத் தொடங்கிய பிறகு எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. மனநோய்க்குக் குளிசை உண்டு என்பதை உலகம் எப்போது அறிந்தது? அதைத் தேடி வாசித்தபோது ஐரோப்பிய, அமெரிக்க விஞ்ஞானிகளின் பெயர்களையே எதிர்பார்த்தேன். அவை இருந்தன. ஆனால் அவற்றுக்கெல்லாம் முன்னால், டில்லியின் ஒரு பழைய தெருவில் நாடி பிடித்துக்கொண்டிருந்த ஒரு யூனானி வைத்தியரின் பெயரும் இருந்தது. அவரே ஹக்கீம் அஜ்மல் கான். இந்திய சுதந்திரப் போராட்டத்தின் தலைவர்களில் ஒருவராக அவரைப் பலர் அறிவர். இக்கட்டுரை அவரை வைத்தியராகவே பார்க்க முயல்கிறது.

அஜ்மல் கான் 1868 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 11 ஆம் திகதி டில்லியில் பிறந்தார். அவருடைய முன்னோர்கள் முகலாயப் பேரரசர் பாபரின் காலத்தில் இந்தியாவுக்கு வந்தவர்கள் என்பர். தலைமுறை தலைமுறையாக வைத்தியம் செய்து வந்த குடும்பம் அது. முன்னோரில் ஒருவரான ஹக்கீம் ஷரீப் கான் முகலாய அரசவையின் வைத்தியராக இருந்தார். அவருடைய பெயரால் ஷரீப் மன்ஸில் என்று அழைக்கப்பட்ட குடும்ப மாளிகை, வைத்தியசாலையாகவும் யூனானி மருத்துவத்தைக் கற்பிக்கும் இடமாகவும் விளங்கியது. அந்த வீட்டில் பிறந்த குழந்தை மருந்து இடிக்கும் ஓசையைக் கேட்டே கண்விழித்திருக்கும்.

சிறு வயதிலேயே அவர் புனித குர்ஆனை மனனம் செய்தார். அரபு, பாரசீக மொழிகளைக் கற்றார். பின்னர் குடும்பத்துப் பெரியவர்களிடம் மருத்துவம் பயின்றார். அக்காலத்தில் யூனானி மாணவர்கள் இப்னு சீனாவின் அல்கானூன் என்னும் பெருநூலைப் பயின்றே வைத்தியர் ஆனார்கள்.

யூனானி என்பது கிரேக்கத்தைக் குறிக்கும் சொல். கிரேக்க மருத்துவர்களின் அறிவை அரபு உலகம் பெற்று, திருத்தி, விரித்து வளர்த்த மருத்துவம் அது. மனநோயை அந்த மருத்துவம் ஒதுக்கி வைக்கவில்லை. உடம்பில் உள்ள நான்கு நீர்மங்களான இரத்தம், கபம், மஞ்சள் பித்தம், கரும்பித்தம் ஆகியவற்றின் சமநிலை குலைவதே நோய் என்று அது கருதியது. கரும்பித்தம் மிகுந்தால் ஆறாத துயரமும் கலக்கமும் வரும் என்றது. இந்த விளக்கம் இன்றைய விஞ்ஞானத்தில் நிற்காது. ஆனால் அதற்குள் ஒரு பெரிய உண்மை இருக்கிறது. பித்துப் பிடித்த மனிதர் பாவியோ சபிக்கப்பட்டவரோ அல்லர், உடம்பில் நோய் கொண்டவர் என்பதே அது.

இதற்கு முஸ்லிம்களின் வரலாற்றில் பழைய சான்றுகள் உண்டு. 850 முதல் 934 வரை வாழ்ந்த அபூ ஸைத் அல்பல்கி என்ற அறிஞர் உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் ஒரே நூலில் வைத்து எழுதினார். காரணம் தெரிந்து வரும் துயரம் வேறு, காரணம் எதுவும் தெரியாமல் உடம்புக்குள்ளிருந்தே எழும் துயரம் வேறு என்று அவர் அன்றே பிரித்துக் காட்டினார். கெய்ரோவில் 1284 இல் சுல்தான் கலாவூன் கட்டிய வைத்தியசாலையில் மனநோயாளருக்கெனத் தனிப் பகுதி இருந்தது. அந்த மரபில் வந்தவர்களாகிய நாம் சாச்சியை ஏன் பின்னறையில் வைத்தோம் என்று நான் யோசித்ததுண்டு.

1892 இல் அஜ்மல் கான் ராம்பூர் நவாபின் தலைமை வைத்தியரானார். நாடியைத் தொட்டே நோயைச் சொல்லிவிடுவார் என்ற புகழ் நாடெங்கும் பரவியது. அவரைப் பற்றிய கதைகள் பல இன்றும் வழங்கி வருகின்றன. தொலைதூரத்து அரசர்கள் அழைத்தால் பெருந்தொகை பெற்றுக்கொண்டு செல்வார். டில்லியில் தம் வாசலுக்கு வரும் ஏழைகளிடம் எதுவும் வாங்கமாட்டார்.

புகழும் பணமும் போதும் என்று அவர் இருந்திருக்கலாம். ஆனால் அவர் தம் மருத்துவத்தின் பலவீனங்களை அறிந்திருந்தார். ஹக்கீம்கள் பலர் தமக்குத் தெரிந்த மருந்தை மகனுக்கு மட்டும் சொல்லிவிட்டு இறந்துபோவார்கள். ஒரு கடையில் வாங்கும் மருந்தும் அடுத்த கடையில் அதே பெயரில் வாங்கும் மருந்தும் ஒன்றாக இருப்பதில்லை. அறுவைச் சிகிச்சையும் உடற்கூற்றியலும் அவர்களிடம் தேய்ந்து போயிருந்தன. மறுபுறம் ஆங்கில அரசு மேலைத்தேய மருத்துவத்தையே மருத்துவமாக ஏற்றது. நாட்டு வைத்தியத்தைச் சட்டத்தின் மூலம் ஓரங்கட்டும் முயற்சிகளும் நடந்தன.

இந்நிலையில் கோபப்பட்டுப் பேசிக்கொண்டு மட்டும் இருந்திருந்தால் அஜ்மல் கானை இன்று யாரும் நினைத்திருக்கமாட்டார்கள். அவர் இரண்டு வேலைகளைச் சேர்த்துச் செய்தார். ஒன்று, யூனானி வைத்தியர்களையும் ஆயுர்வேத வைத்தியர்களையும் ஒரே அமைப்பின் கீழ்க் கொண்டுவந்து 1910 இல் மாநாடு கூட்டினார். ஹக்கீமும் வைத்தியரும், அதாவது முஸ்லிமும் இந்துவும், ஒரே மேடையில் அமர்ந்து தம் மருத்துவத்தின் எதிர்காலத்தைப் பேசினார்கள். மற்றையது, மேலைத்தேய விஞ்ஞானத்தில் நல்லது எதுவோ அதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று தம்மவர்களிடமே வாதாடினார். இதனால் இரண்டு பக்கத்தாரின் ஏச்சும் அவருக்குக் கிடைத்தது.

அவருடைய மூத்த சகோதரர் ஹக்கீம் அப்துல் மஜீத் டில்லியில் ஒரு மருத்துவ மத்ரஸாவைத் தொடங்கியிருந்தார். அதன் பொறுப்பு பின்னர் அஜ்மல் கானுக்கு வந்தது. மருந்துகளைத் தரம் பிசகாமல் தயாரிப்பதற்காக ஹிந்துஸ்தானி தவாகானா என்னும் மருந்துச்சாலையை உருவாக்கினார். அதன் வருமானத்தைத் தம் குடும்பத்துக்கு எடுக்காமல் கல்லூரிக்கே எழுதிவைத்தார். 1909 இல் பெண்களுக்கென ஒரு மருத்துவப் பாடசாலையைத் தொடங்கினார். பிரசவம் பார்க்கும் பெண்களுக்கு முறையான பயிற்சி கொடுப்பதும், ஆண் வைத்தியரிடம் செல்லத் தயங்கும் பெண்களுக்குப் பெண் வைத்தியரைத் தருவதும் அதன் நோக்கம். முஸ்லிம் மகளிர் கல்லூரி ஒன்றில் விஞ்ஞானம் படிக்கும் எங்களுக்கு இந்த ஒரு செய்தியே போதும், அவரை நம்மவர் என்று சொல்வதற்கு.

1911 இல் அவர் ஐரோப்பாவுக்குப் பயணம் செய்தார். சுற்றிப் பார்ப்பதற்காக மட்டும் போகவில்லை. லண்டனிலும் ஏனைய பெருநகரங்களிலும் வைத்தியசாலைகளையும் மருத்துவக் கல்லூரிகளையும் பார்வையிட்டார். லண்டனில் சேரிங் குரொஸ் வைத்தியசாலையில் பணியாற்றிக்கொண்டிருந்த இளம் இந்திய மருத்துவரான முக்தார் அஹமத் அன்சாரியைச் சந்தித்தார். நாடி பார்க்கும் ஹக்கீமும் கத்தி பிடிக்கும் டொக்டரும் வாழ்நாள் நண்பர்களானார்கள்.

ஊர் திரும்பியவர் தாம் கண்டதைப் போல் ஒரு கல்லூரி டில்லியில் எழ வேண்டும் என்று உழைத்தார். கரோல் பாக் பகுதியில் ஆயுர்வேத, யூனானி திப்பியாக் கல்லூரிக்கு 1916 மார்ச் 29 ஆம் திகதி அன்றைய வைஸ்ராய் ஹார்டிஞ் பிரபு அடிக்கல் நாட்டினார். 1921 பெப்ரவரி 13 ஆம் திகதி மகாத்மா காந்தி அதைத் திறந்து வைத்தார். அடிக்கல் நாட்டியவர் ஆங்கில அரசின் பிரதிநிதி, திறந்து வைத்தவர் அந்த அரசை எதிர்த்தவர். இடைப்பட்ட ஐந்து வருடங்களில் இந்தியாவும் அஜ்மல் கானும் எவ்வளவு மாறிவிட்டார்கள் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

அவருடைய அரசியல் வாழ்வைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஆங்கில அரசு அவருக்கு ஹாஸிகுல் முல்க் என்ற பட்டத்தை அளித்திருந்தது. ஒத்துழையாமை இயக்கத்தின்போது அவர் அதைத் திருப்பிக் கொடுத்தார். மக்கள் அவருக்கு மஸீஹுல் முல்க், அதாவது நாட்டின் நோய் தீர்ப்பவர், என்ற பட்டத்தைச் சூட்டினார்கள். கிலாபத் இயக்கத்தில் முன்னின்றார். 1921 டிசம்பரில் அஹமதாபாத்தில் நடந்த காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். 1920 இல் ஜாமியா மில்லியா இஸ்லாமியா உருவானபோது அதன் முதல் வேந்தரானார். அந்நிறுவனம் பணமின்றி மூடப்படும் நிலைக்கு வந்தபோது, 1925 இல் அதை அலிகரிலிருந்து டில்லிக்குக் கொண்டுவந்து காப்பாற்றியவர்களில் அவர் முதன்மையானவர். இவ்வளவுக்கும் இடையில் ஷைதா என்ற புனைபெயரில் உருதுவிலும் பாரசீகத்திலும் கவிதையும் எழுதினார்.

இனி அந்த வேரின் கதைக்கு வருவோம்.

இந்தியாவிலும் நமது இலங்கையிலும் காடுகளில் ஒரு சிறு செடி வளர்கிறது. சிறு வெள்ளைப் பூக்களும் கறுத்துப் பழுக்கும் காய்களும் கொண்டது. வடமொழியில் இதனைச் சர்ப்பகந்தா என்பர். சிங்களத்தில் ஏகவேரிய என்பர். யூனானியில் அஸ்ரோல் என்பர். ரவுவொல்பியா என்பது அதன் தாவரவியற் பெயர். பதினாறாம் நூற்றாண்டின் ஜெர்மன் மருத்துவரான ரவுவொல்ப் என்பவரின் நினைவாக வைத்த பெயர் அது. அதன் வேர் பாம்புக்கடிக்கும் காய்ச்சலுக்கும் உறக்கமின்மைக்கும் பயன்பட்டது. வட இந்தியாவின் சில பகுதிகளில் மக்கள் அதைப் பைத்தியத்துக்கான மருந்து என்று பொருள்படும் பெயராலேயே அழைத்தார்கள். கட்டுக்கடங்காமல் கத்துவோரை, அடிப்போரை, இரவுபகலாக உறங்காதோரை அந்த வேர் அமைதிப்படுத்தியது.

அது வேலை செய்கிறது என்பது கிராமத்தவருக்கும் ஹக்கீம்களுக்கும் தெரியும். ஏன் வேலை செய்கிறது, எவ்வளவு கொடுத்தால் மருந்து, எவ்வளவு கொடுத்தால் நஞ்சு என்பது துல்லியமாக எவருக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைத்ததுதான் அஜ்மல் கானின் பெருமை. முன்னோர் சொன்னது சரி என்று நம்பிய ஒருவர், அதைச் சோதித்துப் பார்க்கவும் அஞ்சவில்லை. சோதனையில் தோற்றுவிடுமோ என்று பயந்தவர்கள்தாம் மருந்தை மறைத்து வைத்தார்கள்.

அதற்கு அவருக்கு ஓர் இரசாயனவியலாளர் தேவைப்பட்டார். ஸலீமுஸ்ஸமான் சித்தீகி என்ற இளைஞர் கிடைத்தார். 1897 இல் லக்னோவுக்கு அருகே பிறந்த இவர், அலிகரில் மெய்யியலும் பாரசீகமும் படித்தவர். ஓவியரும்கூட. மருத்துவம் படிக்க லண்டனுக்குச் சென்று, பின்னர் ஜெர்மனியின் பிராங்பேர்ட் நகருக்குப் போய் இரசாயனவியலில் இறங்கி, 1927 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். திப்பியாக் கல்லூரியில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தை அமைத்து நடத்தும் பொறுப்பை அஜ்மல் கான் அவரிடம் ஒப்படைத்தார். இந்த மண்ணின் மூலிகைகளை ஐரோப்பிய ஆய்வுகூட முறைகளால் ஆராய்வதே அதன் பணி.

ஆனால் அதன் பலனைக் காண அஜ்மல் கானுக்கு ஆயுள் இருக்கவில்லை. 1927 டிசம்பர் 29 ஆம் திகதி ராம்பூரில் இருதய நோயினால் அவர் காலமானார். அவருடைய உடல் டில்லிக்குக் கொண்டுவரப்பட்டு அங்கே நல்லடக்கம் செய்யப்பட்டது. வழிகாட்டியை இழந்த அந்த இளம் விஞ்ஞானி வேலையை விட்டுவிடவில்லை.

1931 இல் ஸலீமுஸ்ஸமான் சித்தீகியும் அவருடன் பணியாற்றிய ரபாத் ஹுசைன் சித்தீகியும் அந்த வேரிலிருந்து பல தூய பொருட்களைப் பிரித்தெடுத்து இந்திய இரசாயனவியற் கழகத்தின் சஞ்சிகையில் வெளியிட்டார்கள். அவை அல்கலொயிட்டுகள் எனப்படுபவை. நைதரசனைக் கொண்ட, தாவரங்களில் உண்டாகும், உயிரினங்களின் உடம்பில் வலிமையாகத் தொழிற்படும் சேர்வைகள் என்று நாம் பாடத்தில் படிக்கிறோம். அவற்றில் ஒன்றுக்கு அவர்கள் அஜ்மலீன் என்று பெயரிட்டார்கள். மாணவன் ஆசானுக்குக் கட்டிய நினைவிடம் அது.

அதே 1931 இல் கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இருவர் அந்த வேரை மனநோயாளருக்கும் உயர் இரத்த அழுத்தம் உள்ளோருக்கும் கொடுத்துப் பார்த்து, அது பயன் தருவதைக் கட்டுரையாக எழுதினார்கள். இவையெல்லாம் இந்தியச் சஞ்சிகைகளில் வந்தவை. உலகம் அவற்றைக் கவனிக்கவில்லை. 1949 இல் பம்பாயின் இருதய மருத்துவரான ருஸ்தம் ஜால் வக்கீல், உயர் இரத்த அழுத்தத்துக்கு இவ்வேர் தரும் பயனைப் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகை ஒன்றில் எழுதிய பின்னர்தான் மேலைநாடுகள் திரும்பிப் பார்த்தன.

1952 இல் சுவிற்சர்லாந்தின் பாஸல் நகரில் சீபா நிறுவனத்து விஞ்ஞானிகள் அதே வேரிலிருந்து ரெசர்பின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். மனத்தை அமைதிப்படுத்தும் ஆற்றல் பெரிதும் அதில்தான் இருந்தது. 1954 இல் நியூயோர்க் மாநிலத்தின் ஒரு மனநோய் வைத்தியசாலையில் நேதன் கிளைன் என்ற மருத்துவர் இம்மருந்தைப் பெருந்தொகையான நோயாளருக்குக் கொடுத்து அறிக்கை வெளியிட்டார். பிரான்சில் 1952 முதல் குளோர்புரோமசின் என்ற மற்றொரு மருந்தும் பயன்பாட்டுக்கு வந்திருந்தது. இரண்டும் சேர்ந்து மனநோய் மருத்துவத்தையே மாற்றின.

அந்த மாற்றம் எப்படிப்பட்டது என்பதை உணர அதற்கு முந்திய நிலையை அறிய வேண்டும். அதுவரை உலகெங்கும் கடும் மனநோயாளரை அடைத்து வைப்பதே வழக்கம். பூட்டிய அறைகள், கைகளைக் கட்டும் அங்கிகள், குளிர்நீர்க் குளியல், மூளையின் நரம்பை அறுக்கும் சத்திரசிகிச்சை என்பனவே சிகிச்சை. 1955 இல் அமெரிக்காவில் மட்டும் மனநோய் வைத்தியசாலைகளில் 5 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். உள்ளே போனவர்களில் பலர் வெளியே வரவேயில்லை. மருந்துகள் வந்த பின் அந்தத் தொகை ஆண்டுதோறும் குறையத் தொடங்கியது. நமது நாட்டிலும் மனநோயாளர் தொடர்பான கட்டளைச்சட்டம் 1873 இல் இயற்றப்பட்டது. அங்கொடை என்ற ஊரின் பெயரே நம்மவர் வாயில் ஏச்சாக மாறியதை நாமெல்லோரும் அறிவோம். ஒரு வைத்தியசாலை இருக்கும் ஊரின் பெயரை ஏச்சாக்கிய சமூகத்தில் நோயாளி எப்படி வைத்தியசாலைக்குப் போவார்?

ரெசர்பினின் கதை வெற்றியோடு மட்டும் முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சிலருக்கு அது இரத்த அழுத்தத்தை அளவுக்கு மீறிக் குறைத்தது. அதை உட்கொண்டோரில் சிலர் கடுமையான மனச்சோர்வில் வீழ்ந்ததை வைத்தியர்கள் கண்டார்கள். அதைவிட நல்ல மருந்துகள் வந்ததும் மனநோய்ச் சிகிச்சையில் அதன் இடம் குறைந்துபோனது. இதை வாசிக்கும் எவரும் வேரைத் தேடிக் காட்டுக்குப் போகக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். மூலிகைதானே என்று தாமாக உண்பது ஆபத்து.

ஆனாலும் அந்தக் குறைபாடே இன்னொரு கதவைத் திறந்தது. அமைதியைத் தரும் ஒரு மருந்து துயரத்தையும் தருவது ஏன் என்று விஞ்ஞானிகள் கேட்டார்கள். 1955 இல் அமெரிக்காவில் நடந்த ஆய்வு, ரெசர்பின் உடம்பிலுள்ள செரொட்டோனின் என்ற பொருளைக் குறைத்துவிடுவதைக் காட்டியது. சுவீடனில் ஆர்விட் கார்ல்சன் முயல்களுக்கு ரெசர்பினைக் கொடுத்தார். அவை அசையாமல் கிடந்தன. பின்னர் டோபமினாக மாறக்கூடிய ஒரு பொருளை ஊசியால் ஏற்றியதும் அவை எழுந்து நடமாடின. நரம்புக்கலங்களுக்கிடையே செய்தி கொண்டுசெல்லும் பொருட்களில் டோபமினும் ஒன்று என்பது அதன் வழியாகத் தெளிந்தது. பார்க்கின்சன் நோய்க்கான சிகிச்சையும் அந்த வழியில்தான் பிறந்தது. 2000 ஆம் ஆண்டு கார்ல்சனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. மனநோய் என்பது மூளையின் இரசாயனத்தோடு தொடர்புடையது என்ற இன்றைய அறிவுக்கு, நம் காடுகளில் வளரும் ஒரு செடியும் வழிகாட்டியிருக்கிறது.

இதில் இன்னொரு விந்தையும் உண்டு. அஜ்மல் கானின் பெயரைத் தாங்கிய அஜ்மலீன் மனநோய் மருந்தாக ஆகவில்லை. அது இருதயத்தின் துடிப்பில் தொழிற்படும் பொருள் என்று பின்னர் தெரிந்தது. இருதயத் துடிப்பின் ஒழுங்கின்மைக்கு மருந்தாகவும், மறைந்திருக்கும் சில இருதயக் கோளாறுகளைக் கண்டறியும் சோதனைக்கும் அது பயன்படுகிறது. இருதய நோயால் மறைந்த மனிதரின் பெயர் இருதய வைத்தியர்களின் கையில் இன்றும் இருக்கிறது. ஸலீமுஸ்ஸமான் சித்தீகி பின்னர் பாகிஸ்தானில் குடியேறி, 1961 இல் லண்டன் ரோயல் சொசைட்டியின் உறுப்பினராகி, 1994 இல் மறையும்வரை ஆய்வைக் கைவிடவில்லை.

அஜ்மல் கான் அந்த மருந்தைக் கண்டுபிடித்தார் என்று நான் சொல்லமாட்டேன். அவர் எந்த ஆய்வுகூடத்திலும் சோதனைக்குழாயோடு நிற்கவில்லை. அவர் செய்தது, பழைய அறிவைப் புதிய அறிவிடம் கொண்டுபோய்ச் சோதிக்கக் கொடுத்தது. அதற்குத் தைரியம் வேண்டும். குடும்பச் சொத்தைப் பொதுச் சொத்தாக்கும் மனமும் வேண்டும். தம் மதத்தவரோடு மட்டும் நில்லாமல் எல்லோரையும் கூட்டிச்செல்லும் பண்பும் வேண்டும். மூன்றும் அவரிடம் இருந்தன.

நமது ஊரிலும் அந்த இரு வழிகளும் அருகருகே இருக்கின்றன. திருகோணமலையில் மேலைத்தேய வைத்தியசாலையும் உண்டு, கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் சித்த மருத்துவக் கற்கையும் உண்டு. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் யூனானி மருத்துவத்தில் பட்டம் பெறலாம். இவற்றில் எதற்குள் நுழைந்தாலும் அஜ்மல் கான் கேட்ட கேள்வியை நாம் கேட்க வேண்டும். இது வேலை செய்கிறதா? எப்படித் தெரியும்? எவருக்குத் தீங்கு செய்யும்?

சென்ற வருடம் இந்தக் கதையை நான் உம்மம்மாவிடம் சொன்னேன். நோபல் பரிசும் இரசாயனவியலும் அவருக்குப் பிடிபடவில்லை. ஆனால் நம்முடைய ஒரு ஹக்கீம், ஐவேளை தொழுத ஒரு ஹாபிழ், மனநோயை நோய் என்றே எண்ணி அதன் மருந்தை ஆராயச் சொன்னார் என்பது பிடிபட்டது. சற்று நேரம் பேசாமல் இருந்தார். பின்பு சாச்சியின் குளிசைப் பையை எடுத்து எத்தனை நாளைக்கு மிச்சம் இருக்கிறது என்று எண்ணச் சொன்னார். நான்கு நாளைக்குத்தான் இருந்தது.

அடுத்த கிளினிக் நாளன்று உம்மாவும் நானும் சாச்சியோடு பஸ்ஸில் ஏறினோம். உம்மம்மா ஓதி ஊதி அனுப்பினார். துஆவும் குளிசையும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்று இப்போது எங்கள் வீட்டில் எல்லோரும் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். எந்த நோயையும் மருந்தின்றி இறைவன் இறக்கவில்லை என்று நம்புகிறவர்கள் நாம். அந்த மருந்தைத் தேடுவதும் நம் மீதுள்ள கடமைதானே.

பாலத்தைக் கடக்கும்போது சாச்சி யன்னலோரத்தில் இருந்து கடலைப் பார்த்துக்கொண்டே வந்தார். காலை வெயிலில் தண்ணீர் மின்னியது. பஸ்ஸில் நிறையச் சனம் இருந்தது. அவருடைய முகத்தை யாரும் மூடவில்லை.